முதல் பேய்க்கதையைக் கெடுக்கும் தவறுகள்

முதன்முதலாகப் பேய்க்கதை எழுதுகிறவர்கள் பேயை வரவழைக்கத்தான் அவசரப்படுகிறார்கள். அமாவாசை, ஊளையிடும் நாய், போன கரண்டு எல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிடும். வாசகரும் அங்கேயே உஷாராகிவிடுவார். உஷாரான ஆளைப் பயமுறுத்துவது மிகக் கடினம். பேய் வருவதற்கு முன் அந்த வீட்டை அவர் நம்ப வேண்டும்.

ஒரு கருவை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மருமகள் வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிறாள். வாசல் ஏற்கெனவே தெளித்து, ஐந்து புள்ளிக் கோலமும் போட்டிருக்கிறது. மாமியார் போட்டிருப்பார் என்று இவள் நினைக்கிறாள். இவள்தான் போட்டாள் என்று மாமியார் நினைக்கிறார். மறுநாள் நான்கு புள்ளி. அன்று சந்தைக்குப் போன மாமனார் திரும்பவில்லை.

இந்தக் கருவைக் கெடுக்கப் பல வழிகள் உண்டு. வீட்டில் ஐந்து பேர் என்பதை மாமனார் காணாமல் போன பிறகு சொல்வது முதல் வழி. முதல் நாள் இரவே, சாப்பிட்ட ஐந்து தட்டுகளை அவள் கழுவி வைப்பதாகப் போகிற போக்கில் எழுதிவிட வேண்டும். பிறகு புள்ளி குறையும்போது கணக்கை வாசகரே போட்டுக்கொள்வார். “ஐயோ, புள்ளியெல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க!” என்று யாராவது கத்தினால் அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறீர்கள்.

இன்னொன்று, ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து முப்பது வருடத்துக்கு முந்தைய கொலையைச் சொல்லவைப்பது. பாதிக் கதை அதிலேயே போய்விடும், பயமும் ஆறிவிடும். உங்கள் பேய் எங்கே வரும், எப்போது வரும், எதைச் செய்யாது என்று தனித்தாளில் மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் உங்களுக்கு மட்டும். விடிவதற்கு முன் வாசலுக்கு மட்டும் வரும் பேய், கடைசிப் பக்கத்தில் சமையலறைப் பாத்திரத்தை உருட்டினால் அதுவரை கட்டியதெல்லாம் சரிந்துவிடும்.

‘இவர்கள் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை?’ என்று வாசகர் கட்டாயம் கேட்பார். செல்போனில் சிக்னல் இல்லை என்பது பதில் ஆகாது. பிரசவத்துக்கு வந்திருக்கும் நிறைமாத மகள், வீட்டின் மேல் வாங்கிய கடன் என்று குடும்பத்துக்குள்ளிருந்தே காரணம் வரட்டும். முடிவில் எல்லாம் கனவு என்பதும், கதை சொன்னவரே செத்துப்போனவர் என்பதும் வாசகர் பலமுறை பார்த்துச் சலித்தவை.

முதல் கதைக்கு 1000 முதல் 1500 சொற்கள் போதும். ஓரிடம், பேசுகிறவர்கள் மூன்று பேர், சம்பவம் மூன்று முறை. முதல் முறை அதற்குச் சாதாரணக் காரணம் இருக்கும், இரண்டாம் முறை சந்தேகம் தட்டும், மூன்றாம் முறை எந்தக் காரணமும் மிஞ்சாது.

மொழியில் பெரிய எதிரி ‘திடீரென்று’. அதிர்ச்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். எழுதி முடித்ததும் அதைத் தேடி நீக்குங்கள். ‘பயங்கரமான’, ‘அமானுஷ்யமான’, வரிசையாக நிற்கும் ஆச்சரியக்குறிகள் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். அதிர வைக்கும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். “நான்கு புள்ளிகள்தான் இன்று கோலத்தில் இருந்தன” என்பதைவிட “இன்று கோலத்தில் இருந்த புள்ளிகள் நான்கு” என்பது கூர்மையாக இறங்கும்.

ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த வரியில் முடிவை ஊகித்தார் என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அனுப்புவதிலும் அவசரம் கெடுக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் மறுபக்கம் வெறும் கிறுக்கலாகத் திறக்கலாம், யூனிகோடில் தட்டுங்கள். ஃபேஸ்புக்கில் போட்ட கதையைப் பல இதழ்கள் வெளியானதாகவே கருதும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, இரண்டிலும் தேர்வாகிவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போடுகிறவர்கள் அதன் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்தக் கதையின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளத்தில் ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் அங்கே நீக்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தாவிட்டால் 90 நாள் முடிந்ததும் மறுபடி தொடங்கிவிடும். மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அட்டைப்படம் 1600 பிக்சல் அகலம், 2560 பிக்சல் உயரம் இருப்பது நல்லது. கூகுளில் கிடைத்த படத்தை அட்டையாக்காதீர்கள், அதற்கு உரிமையாளர் இருப்பார். உங்கள் கதைக்கும் அப்படித்தான்: இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும், எழுதியதுமே உரிமை உங்களுடையது. யாரோ நீட்டும் ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று இருந்தால், திரைப்பட உரிமையும் அதில் போகிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.