ஆழ ஏரியில் சால்மன்: முதலில் வெப்பநிலை பாருங்கள்

கோடையில் டொரொண்டோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பினாங்குத் தூண்டில்காரர்களுக்கு இது. டொரொண்டோவை ஒட்டிய ஒண்டாரியோ ஏரியில் நம் பினாங்கு தெலுக் பஹாங் கடலோரப் பாணி எடுபடாது. இறாலைக் கோத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சால்மனும் டிரவுட்டும் குளிர்நீர் மீன்கள். மேல்நீர் சூடானதும் கீழே இறங்கிவிடும். குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் வெப்பம் சட்டென்று குறையும். அந்த அடுக்குக்குத் தெர்மோக்லைன் என்று பெயர். தேட வேண்டியது அதை ஒட்டித்தான். சினூக் சால்மனுக்குச் சுமார் 12 டிகிரி பிடிக்கும். லேக் டிரவுட்டுக்கு 10 டிகிரி பக்கம். அது பல நேரம் ஏரியின் அடித்தரையை ஒட்டியே கிடக்கும். பலத்த காற்று அடித்தால் அந்த அடுக்கு ஒரே இரவில் இடம் மாறும். நேற்று இன்னொருவருக்குக் கிடைத்த ஆழத்தை நம்பி இறங்காதீர்கள்.

அவ்வளவு ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோக டவுன்ரிகர் வேண்டும். நாலரைக் கிலோ குண்டு ஒன்று கம்பியில் இறங்கும், உங்கள் நூல் கிளிப்பில் மாட்டி அதோடு போகும். மீன் இழுத்ததும் கிளிப் விட்டுவிடும், அப்புறம் நீங்களும் மீனும்தான். இரை, ஸ்பூன் எனப்படும் பளபளக்கும் உலோகப் போலி இரை. படகு மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் சரி.

முதல் முறை எதையும் வாங்க வேண்டாம், கருவியோடு வரும் வாடகைப் படகே போதும். மீன்பிடி உரிமம் மட்டும் கட்டாயம். 65 வயதைத் தாண்டிய கனடாவாசிகளுக்கு விலக்கு உண்டு, சுற்றுலா போகும் நம் தாத்தாக்களுக்கு இல்லை. ஜூலை என்றாலும் விடியற்காலை ஏரிக்காற்று நன்றாகக் குளிரும். கேமரன் மலைக்குப் போடும் ஜாக்கெட்டை மறக்காதீர்கள்.