நீண்ட சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகாமல் காப்பது எப்படி

"ரீச்சர், என்ரை பேர் இன்னும் இடாப்பிலை இருக்கோ?" குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த ஆறாந்தர மாணவி ஒருத்தி, மகரகம புற்றுநோய் வைத்தியசாலை வாட்டிலிருந்து தொலைபேசியில் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி அதுதான். எந்தப் பாடம் நடக்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான்; தான் இன்னும் அந்த வகுப்புப் பிள்ளைதானா என்பது தெரிந்தால் அவளுக்குப் போதுமாக இருந்தது. விடுபட்ட பாடத்தை எப்போதாவது பிடித்துக்கொள்ளலாம், வகுப்போடு இருந்த தொடர்பு அறுந்த பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம் என்பதை வன்னியில் இப்படியான பிள்ளைகளோடு பழகிய ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

ஆகவே நோய் உறுதியான சில நாட்களுக்குள் வீட்டார் ஒருவர் அதிபரை நேரில் சந்தித்துக் கடிதம் கொடுக்க வேண்டும். தாய் வாட்டில் நிற்பார், தகப்பன் வயலையும் மற்றப் பிள்ளைகளையும் பார்ப்பார் என்பதால், அம்மம்மாவோ மாமாவோ போனாலும் போதும். வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் மருத்துவச் சொற்களோடு இருக்கும்; அதன் பிரதி மட்டும் ஆசிரியருக்கு உதவாது. சிகிச்சை ஏறத்தாழ எவ்வளவு காலம் நீளும், எந்த வாரங்களில் பிள்ளை பாடசாலைக்கு வரலாம், எவற்றைச் செய்யக் கூடாது, என்ன நடந்தால் உடனே வீட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றை வைத்தியரிடம் கேட்டுத் தமிழில் ஒரு தாளில் எழுதி இணையுங்கள். சிறுவரிடம் அதிகம் காணப்படும் குருதிப் புற்றுநோய் வகைக்கு 2 முதல் 3 ஆண்டுகள் சிகிச்சை தேவைப்படும். தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றுவார்கள். வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கும் அதே இடைவெளியில் பெனிசிலின் ஊசி போடப்படும். இந்த நாட்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தால், ஒப்படைகளையும் தவணைப் பரீட்சையையும் ஆசிரியர் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

கடிதத்தின் பிரதியில் அதிபரின் கையொப்பத்தையும் திகதியையும் வாங்கி வைத்திருங்கள். நான் அறிந்த ஒரு பாடசாலையில், வாய்ச்சொல்லாக மட்டும் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போன குடும்பத்தின் பையனுடைய பெயர் இடைவிலகியவன் என்று வெட்டப்பட்டு, அதைத் திரும்பச் சேர்ப்பதற்கு அவனது தாய் ஒரு தவணை முழுவதும் அலைந்தார். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். பாடசாலையில் பதில் கிடைக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கோ, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ தயங்காமல் போகலாம்.

அடுத்து, ஓர் ஆசிரியரையும் ஒரு சக மாணவரையும் பொறுப்பாக்குங்கள். எட்டுப் பாட ஆசிரியர்களிடம் தாய் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை வரக் கூடாது. மேலே சொன்ன மாணவிக்கு அவளுடைய தோழி ஒருத்தி, ஒவ்வொரு மாலையும் தன் கணிதக் கொப்பியைப் படமெடுத்துத் தகப்பனின் போனிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். பக்கத்தின் மூலையில் பென்சிலால், "இண்டைக்கு மழை, வகுப்புக்குள்ளை தண்ணி வந்திட்டுது" என்பதுபோல ஒரு வரி இருக்கும். கணக்கைப் பார்ப்பதற்கு முன் அவள் அந்த மூலையைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாள் என்று தாய் சொன்னார். சிக்னல் இல்லாத கிராமமானால், வாரம் ஒருமுறை போட்டோகொப்பி எடுத்து, கிளினிக்குக்குப் போகும் உறவினரிடம் கொடுத்துவிடலாம். அரச பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைப்பதால், புத்தகப் பொதியைக் கொழும்புவரை சுமக்கத் தேவையில்லை.

எல்லாப் பாடங்களையும் பிடிக்க முயல வேண்டாம். கணிதமும் ஆங்கிலமும் படிக்கு மேல் படியாகப் போகின்றவை. பின்னம் விளங்காத பிள்ளைக்கு அடுத்த ஆண்டு அட்சரகணிதம் இருட்டாகிவிடும். அவற்றோடு தமிழ் வாசிப்பையும் வைத்துக்கொண்டு, வரலாறு, புவியியல் போன்றவற்றைப் பிந்திப் பார்த்துக்கொள்ளலாம். வாட்டில் ஒரு நேரத்துக்கு 20 நிமிடம் போதும். காலையில் வைத்தியர் பார்த்துவிட்டுப் போனபின், வலியோ ஓங்காளமோ இல்லாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். மருந்து ஏற்றும் சிறு குழாயான கனூலாவை ஏற்றும்போது, முடிந்தால் எழுதாத கையில் ஏற்றும்படி தாதியிடம் கேளுங்கள். இந்தச் சிறிய விடயத்தை யாரும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் அநேகமாகச் செய்து தருவார்கள்.

மருந்தின் விளைவைச் சோம்பலென்று எண்ணிவிடக் கூடாது. ஸ்டீரொய்ட் எடுக்கும் நாட்களில் பிள்ளைக்குக் கடும் பசியும் எரிச்சலும் வரும், முகம் ஊதும். அந்த வாரத்தில் பாடத்தை விட்டுவிட்டுக் கதை வாசித்துக் காட்டுங்கள். வின்கிறிஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்து கைவிரல் நரம்புகளைப் பாதிப்பதால் கையெழுத்துக் குலையலாம். தடித்த பென்சிலும் அகன்ற கோட்டுக் கொப்பியும் கொடுத்து, விடையை வாயால் சொல்லவும் அனுமதிக்க வேண்டும். வெண்குழியங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும் நாட்களில் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பக் கூடாது. அது எந்த நாட்கள் என்பதைக் குருதிப் பரிசோதனைக்குப் பின் வைத்தியரே சொல்வார்.

ஆசிரியர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. எங்கள் ஊர்களில் கொப்புளிப்பான் கண்ட வீட்டில் "அம்மாள் வந்திருக்கு" என்று வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பார்கள். சாதாரண பிள்ளைக்கு ஒரு வாரத்தில் மாறும் அந்த நோய், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் உயிரையே எடுக்கக்கூடும். வகுப்பில் யாருக்காவது கொப்புளிப்பானோ சின்னமுத்தோ வந்தால், அன்றைக்கே சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு அறிவியுங்கள். தொற்றைத் தடுக்கும் மருந்தைக் குறித்த சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பயனுண்டு. அதேபோல, அந்தப் பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வகுப்பில் கண்டால், பனடோல் கொடுத்துப் பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

திரும்பி வரும் நாளுக்கு முன்னர், பிள்ளையின் சம்மதத்தோடு வகுப்பில் பேசுங்கள். தலைமயிர் ஏன் உதிர்ந்தது, முகம் ஏன் ஊதியது, இந்த நோய் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது என்பவற்றை நேராகச் சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் அதிக நேரம் எடுக்கிறது. முதல் இரு வாரங்களும் இடைவேளைவரை இருந்தால் போதும். காலைப் பிரார்த்தனையில் வெயிலில் நிற்க வேண்டாம், மாடி வகுப்பானால் கீழே மாற்றுங்கள், சிறுநீரக நோயுள்ள பிள்ளை அனுமதி கேட்காமலே மலசலகூடத்துக்குப் போகட்டும்.

பரீட்சையைப் பொறுத்தவரை, ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலை விட்டுவிடலாம் என்பது என் கருத்து, அது கட்டாயமானதன்று. சாதாரண தரத்துக்கு, மேலதிக நேரமோ எழுதுவதற்கு உதவியாளரோ தேவையானால், மருத்துவ ஆவணங்களோடு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு, விண்ணப்பம் அனுப்பும் காலத்திலேயே எழுத வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் ஓடித் திரிந்து பயனில்லை. மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையில் விசேட பரீட்சை நிலையம் அமைக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. ஆகையால் அந்த நேரத்தில் வாட்டில் இருக்க நேர்ந்தால் அதைப்பற்றியும் கேளுங்கள். உயர்தரத்துக்கு 80 வீத வரவு எதிர்பார்க்கப்படுவதால், ஒவ்வொரு கிளினிக் நாளின் கடிதத்தையும் திகதி வரிசையில் ஒரே கோவையில் போட்டு, அதன் பிரதியொன்றைத் தவணை முடிவில் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.