ரிவால்வரில் ‘டிக்’ சத்தம் மட்டும் வந்தால்

லைசென்ஸ் ரிவால்வர் வெச்சிருக்கிற டெல்டாக்காரங்களுக்கு ஒரு குறிப்பு. விசையை இழுத்ததும் ‘டிக்’னு மட்டும் கேட்டு, தோட்டா வெடிக்கலைன்னா உடனே மறுபடி இழுக்காதீங்க. தோட்டாவோட அடியில, அடிபட்டதும் பத்திக்கிற சின்ன மூடியான பிரைமர் தாமதமாப் பத்தி, சில நொடி கழிச்சும் வெடிக்கலாம். இன்னொரு தடவை இழுத்தா, தோட்டாக்கள் இருக்கிற உருளையான சிலிண்டர் சுழன்று, அந்தத் தோட்டா குழலுக்கு நேரா இல்லாம ஒதுங்கிடும். அங்க வெடிச்சா குண்டு போக வழியே கிடையாது, கைக்குத்தான் ஆபத்து. குழலை ஆளில்லாத பக்கமே காட்டி, ஒண்ணுலேர்ந்து அறுபது வரை நிதானமா எண்ணுங்க. அப்புறம் சிலிண்டரைத் திறக்கலாம்.

‘பொத்’னு அமுங்கின சத்தம் இதைவிட மோசம். தோட்டாவுல வெடிமருந்து குறைஞ்சாலோ ஈரமானாலோ குண்டு குழலுக்குள்ளயே நின்னுடும். அதுக்குப் பின்னாலேயே அடுத்ததைச் சுட்டா குழல் கிழியும். எல்லாத் தோட்டாவையும் இறக்கிட்டு, குழல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. அடைச்சிருந்தா நீங்களே குத்தி எடுக்காதீங்க, துப்பாக்கி பழுது பார்க்கிறவர்கிட்ட கொடுங்க.

சிலிண்டர் சுத்தாம இறுகினா ஏதோ ஒரு பிரைமர் மேலே எழும்பியிருக்கும், இல்லை குண்டு முன்னால நகர்ந்திருக்கும். கையால நிரப்பின தோட்டாவுல இந்தத் தொல்லை அதிகம். லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட.

எங்க பெரியப்பா தோட்டாவைத் தோல் பெல்ட்டுலயே சொருகி வெச்சிருந்தார். ஐப்பசி அடைமழை முடிஞ்சு எடுத்தா, புளி போட்டு விளக்காத பித்தளைக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு. இறுக்க மூடுற டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வையுங்க.