சங்குப்பூ நீரும் ரப்பர் பாலும்: வீட்டிலேயே அமில, காரப் பரிசோதனை

ரப்பர் விளையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் அமிலம் புதிய சங்கதி இல்லை. ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் 'ஆசிட்' ஃபார்மிக் அமிலம்தான். அமிலம், காரம் பாடத்தை மனப்பாடம் செய்யும் முன் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

படி 1: பத்துப் பதினைந்து நீலச் சங்குப்பூவைக் காம்பு கிள்ளி, ஒரு டம்ளர் வெந்நீரில் போடுங்கள். இதழ் வெளுத்து, தண்ணீர் கருநீலமானதும் வடிகட்டி, நான்கு கண்ணாடி டம்ளர்களில் பிரித்து ஊற்றுங்கள்.

படி 2: ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு இறங்கும் வழியெல்லாம் ஊதா இழை ஓடும். கலக்கினால் முழுவதும் ஊதா. மூன்றாவதில் ஆப்பசோடா போட்டால் நீலம் லேசாகப் பச்சைக்குத் திரும்பும். நான்காவதில் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றினால் நல்ல பச்சை.

ஊதா வந்தால் அமிலம், பச்சை வந்தால் காரம். அமிலம் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியை (நேர் மின்சுமை கொண்ட ஹைட்ரஜனை) கூட்டும், காரம் குறைக்கும். இதை அளக்க டென்மார்க்கின் சோரன்சன் 1909-இல் தந்தது பிஹெச் அளவு. 7 நடுநிலை, ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். எலுமிச்சை ஏறக்குறைய 2, ஆப்பசோடா 8, சுண்ணாம்பு நீர் 12.

படி 3: இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காலையில் எடுத்த, அமோனியா சேர்க்காத ரப்பர் பாலை ஒரு சிரட்டையில் கொஞ்சம் எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளறுங்கள். பால் தடித்து, திரிதிரியாகி, கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கட்டி ஒருபக்கம், தெளிந்த நீர் ஒருபக்கம் என்று பிரியும். ரப்பர் துகள்கள் எல்லாவற்றின் மேலும் எதிர் (நெகட்டிவ்) மின்சுமை இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையை அடக்கியதும் ஒட்டிக்கொள்கின்றன. பாலைத் திரவமாகவே விற்பவர்கள் அமோனியா ஊற்றுவது இதற்கு நேர் எதிரான வேலை: அது காரம், பாலைப் புளிக்கவைக்கும் கிருமிகளையும் தடுக்கும்.

ரப்பர் ஷெட்டில் இருக்கும் ஆசிட் கேனைப் பிள்ளைகள் தொடவே வேண்டாம், தோல் வெந்துவிடும். பெரியவர்களும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. மேலே தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

படி 4: பிரிந்த தெளிநீரை, தனியே வைத்த நீல டம்ளரில் விடுங்கள். ஊதாவாகும், அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது. உறைந்த பாலை ரோலரில் அடித்து எடுத்த ரப்பர் ஷீட்டை நன்றாக அலசிய பிறகு உலரப்போடுவது இதற்காகத்தான்.