மோல் கணக்கு நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலம் பக்கம் எங்கள் பள்ளிக்கு வருடாவருடம் பி.எட். பயிற்சிக்கு ஆட்கள் வருவார்கள். இந்த முறை வந்த தம்பி பத்தாம் வகுப்புக்கு மோல் கணக்கு (வேதிவினையில் எந்தப் பொருள் எவ்வளவு தேவை என்று போடும் கணக்கு) நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த அதே தவற்றை அவரும் செய்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். குறியீட்டை மாற்றி எழுதுவது, அணுக்களை எண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றைச் சொல்லப்போவதில்லை.

முன்னால் நிற்கும் எண்ணைக் கிராமாக்குவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பலகையில் '2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்' என்று எழுதுகிறோம். எழுதிய கையோடு "ரெண்டுக்கு ஒண்ணுன்னா எட்டுக்கு எத்தனை?" என்று குறுக்குப் பெருக்கலுக்குத் தாவுகிறோம். அந்த ரெண்டும் ஒண்ணும் எதை எண்ணுகின்றன என்று சொல்வதே இல்லை. கேள்வியில் கிராம் இருப்பதால் பிள்ளைகள் அதையும் கிராம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், இப்படி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "சார், ரெண்டும் ஒண்ணும் மூணு. ஆனா தண்ணி ரெண்டுதான் வருது. மிச்சம் ஒண்ணு எங்க சார் போச்சு?" வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்ற நிறை மாறா விதியை முந்தின வாரம்தான் நடத்தியிருந்தேன். அதை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கோ பாடத்தை முடிக்கும் அவசரம். "அது அப்படித்தாம்மா, எழுதிக்கோ" என்றேன்.

அரையாண்டுத் தேர்வில் '8 கிராம் ஹைட்ரஜன் முழுதும் எரிய எத்தனை கிராம் ஆக்சிஜன் தேவை?' என்று வந்தது. வகுப்பில் பாதிக்கு மேல் 4 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 64. அவளும் 4 என்றே எழுதியிருந்தாள். விடைத்தாளைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு வழி திறந்தது பின்னால், பள்ளிக்கு வராத ஒரு பையனைத் தேடிப் போன வீட்டுத் திண்ணையில். அவன் அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். நாலு மல்லி மொட்டு வைத்து ஒரு முடிச்சு, இரண்டு கனகாம்பரம் வைத்து அடுத்த முடிச்சு. மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கி வருவதாகச் சொன்னார். "அப்ப ரெண்டு கிலோ மல்லிக்கு ஒரு கிலோ கனகாம்பரம் வாங்குவீங்களாம்மா?" என்று கேட்டேன். "நல்லா கேட்டீங்க சார். கனகாம்பரம் எடையே நிக்காது. அம்புட்டு வாங்குனா மல்லி தீர்ந்து போயி அது மிஞ்சிக் கெடக்கும்ல" என்றார்.

வாங்குவது எடையில், கட்டுவது எண்ணிக்கையில். மோல் கணக்கு மொத்தமும் அந்தத் திண்ணையில் இருந்தது. மிஞ்சுவது எது, தீர்ந்துபோய் வினையை நிறுத்துவது எது என்பதுகூட.

மறுநாள் வகுப்பில் பூவிலிருந்துதான் தொடங்கினேன். மூலக்கூறைக் கையால் எண்ண முடியாது, அதனால் எடை போட்டு எண்ணுகிறோம், அதற்குத்தான் மோல் என்று சொன்னேன். முன்பு 12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களை வைத்து மோலை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அதன் வரையறையே ஓர் எண்ணிக்கைதான்: 6.02214076 × 10²³. பாடப்புத்தகத்தில் 6.023 என்று இருக்கும். பிள்ளைகள் அதையே எழுதட்டும்.

இப்போது பலகையில் நாலு கட்டம் போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடுகிறேன்: கிராம், மோல், தேவையான பொருளின் மோல், அதன் கிராம். ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், அதனால் 8 கிராமை 2 ஆல் வகுத்தால் 4 மோல். ஆக்சிஜன் அதில் பாதி, 2 மோல். ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம், 32 ஆல் பெருக்கினால் 64 கிராம். முன்னால் நிற்கும் எண்ணுக்கு இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குப் போகும்போது மட்டும்தான் வேலை. கடைசியில் கூட்டிப் பார்க்கச் சொல்வேன்: 8 + 64 = 72. நீர் 4 மோல், 4 × 18 = 72. அந்த மாணவி தேடிய ஒன்று எங்கேயும் போகவில்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துவிடுகிறார்கள்.

கீழே உள்ள சிறிய எண்ணில் கை வைப்பது

சமன்பாட்டைச் சமன் செய்கிறேன் என்று நீரின் (H₂O) ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அது. அதைக் குடிக்க முடியுமா என்று கேளுங்கள், மறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் 22.4 லிட்டர்

ஒரு மோலின் கன அளவு 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு, அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். ஒரு மோல் தண்ணீர் வெறும் 18 மில்லி. அதை அளவு ஜாடியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். மதுரையில் 35 டிகிரி அடிக்கும் மத்தியானத்தில் ஒரு மோல் வாயு 25 லிட்டரைத் தாண்டிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நடுவிலேயே தசமத்தை வெட்டுவது

கடைசி வரியில் மட்டும்.

அலகில்லாத விடை

64 என்று மட்டும் எழுதியிருந்தால் மதிப்பெண் போடாதீர்கள். கிராமா, மோலா, லிட்டரா என்று கேட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.