லேசரும் சைக்கிள் ரியூப்பும்: பாகைமானிக்கு எட்டாத கோணத்தை அளப்பது எப்படி?

உயர்தரத்தில் ஒளித் தலையீடு (இரண்டு ஒளிக்கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளிச்சமும் இருளுமான கோடுகளைத் தருவது) படித்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர், வீட்டில் செய்து பார்த்தவர்கள்தான் குறைவு. அந்தக் கோடுகளை எண்ணியே ஓர் ஆடியின் மிகச் சிறிய சாய்வை அளந்துவிடலாம். உண்மையில் இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு லேசர் ஒன்று (கற்றையைக் கண்ணால் நேரே பார்க்கவே கூடாது), நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் துண்டு, சிறிய குவிவில்லை, இரண்டு ஆடிகள் (ஒன்றின் சாய்வைத் திருகாணியால் மாற்றக்கூடியதாக இருக்கட்டும்). முகம் பார்க்கும் கண்ணாடி சரிவராது, அதன் பூச்சு பின்பக்கம் இருப்பதால் விம்பம் இரட்டிக்கும். திருத்தும் கடையில் பழுதான ஸ்கேனர் கிடந்தால் கேட்டு வாங்குங்கள், உள்ளே முன்பக்கம் பூச்சுள்ள ஆடி இருக்கக்கூடும்.

அடுத்தது அதிர்வு. 1887இல் இதே வகை அமைப்பைக் கொண்டு ஒளியை ஆராய்ந்த மைக்கல்சனும் மோர்லியும், அதைத் தாங்கிய கற்பாளத்தைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்கள். நமக்கு அரைவாசி காற்றடித்த சைக்கிள் ரியூப்பின் மேல் ஒரு தரை ஓடு போதும். சோளகம் அடிக்கும் காலமென்றால் யன்னலைப் பூட்டி, ஃபானை நிறுத்தி, பஸ் ஓட்டம் அடங்கிய பிறகு தொடங்குங்கள்.

சரி, கண்ணாடித் துண்டை லேசருக்கு 45 பாகையில் நிறுத்துங்கள். ஒளியில் பெரும்பகுதி நேரே போய் முதலாம் ஆடியில் படும், கொஞ்சம் பக்கவாட்டில் தெறித்து இரண்டாம் ஆடிக்குப் போகும். இரண்டு தூரமும் சில மில்லிமீற்றருக்குள் சமமாக இருக்கட்டும், மலிவான லேசரில் இதைக் கவனிக்காவிட்டால் கோடுகளே தெரியாமல் போகலாம். இரண்டாம் ஆடிக்கு எதிர்ச்சுவரில் பல புள்ளிகள் விழும். ஆடிக்கு ஒன்றாகப் பிரகாசமான இரண்டை, முதலாம் ஆடியின் திருகாணியை மெல்லத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக்குங்கள். சுவருக்குப் போகும் அந்தக் கற்றையின் வழியில் 3 மி.மீ. துளையிட்ட அட்டை, அதையொட்டி வில்லை. இப்போது சுவரில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் வடிவாகத் தெரியும், பக்கத்தில் நடந்தாலே ஆடும்.

இங்கேதான் பலர் சுவரில் அடிமட்டத்தை வைத்துக் கோடுகளின் இடைவெளியை அளக்கப் போவார்கள். வேண்டாம். வில்லை இடைவெளியைப் பெருப்பிக்கும், எண்ணிக்கையை மாற்றாது. ஆகவே வெளிச்ச வட்டத்துக்குள் தெரியும் சிவப்புக் கோடுகளை எண்ணுங்கள். கோடுகளின் எண்ணிக்கையை அலைநீளத்தால் பெருக்கி, துளை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் ஆடியின் சாய்வு ஆரையனில் (பாகையைப் போலக் கோணத்தின் இன்னோர் அலகு) வரும். (ஆடி சாய்வதைப் போல இருமடங்கு கற்றை திரும்புவதால்தான் அந்த 2.) 650 நானோமீற்றர் லேசரில் 6 கோடுகள் என்றால் 0.00065 ஆரையன், ஏறத்தாழ 0.037 பாகை.

நிமிர்ந்த கோடுகள் ஆடி இடம்வலமாகத் திரும்பியதைக் காட்டும், படுத்த கோடுகள் முன்பின் சாய்வைக் காட்டும். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது. அதனால் பூச்சியத்தில் தொடங்காமல் 3 கோடுகளில் தொடங்கி, எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள்.