தாயகம் செல்லும்போது மூத்தோரின் வாழ்க்கை வரலாற்றைப் பதிவுசெய்தல்

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மட்டக்களப்பிலோ வாழும் அம்மம்மா, அப்பப்பா போன்றோரின் வாழ்க்கைக் கதையை ஒலிப்பதிவு செய்ய விரும்புவோர் அதைப் பயணத்தின் கடைசி நாள்களுக்கு ஒத்திவைக்கக் கூடாது. முதல் அமர்வில் பெரும்பாலும் குடும்பத்தார் பலமுறை கேட்ட கதைகளே வரும். அவற்றைச் சொல்லி முடித்தபின் நினைவு கிளறப்பட்டு, அடுத்தடுத்த அமர்வுகளில்தான் அதுவரை சொல்லாதவை வெளிவரும்.

ஆண்டைக் கேட்டால் பலர் தடுமாறுவர். 1964 டிசெம்பர் சூறாவளிக்கு முன்னரா பின்னரா திருமணம் நடந்தது, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது கையில் எவற்றை வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், காலமும் இடமும் தாமாகவே தெளிவாகும். மட்டக்களப்பாருக்கு 1978 நவம்பர் சூறாவளி அத்தகைய அடையாளம். உறவுகளை இழந்ததைப் பற்றி அவர்களாகத் தொடங்கினாலன்றிக் கேட்க வேண்டாம். நிறுத்தச் சொன்னால் உடனே கருவியை நிறுத்துங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கியும் விமானப் பயண நிலைக்கு மாற்றிய கைத்தொலைபேசியும் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். யார் பேசுகிறார், எந்த நாள், எந்த ஊர், பதிவை யார் கேட்கலாம் என்பவற்றைத் தொடக்கத்திலேயே அவர் குரலில் பதிந்துகொள்ளுங்கள். வேவ் (WAV) கோப்பு வடிவில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒற்றைத் தடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ அரை கிகாபைட் இடம் பிடிக்கும். விமானம் ஏறுமுன் பதிவின் இரண்டு படிகள் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

எழுத்தாக்கத்தை ஊரில் இருக்கும்போதே தொடங்குங்கள் என்பதையே நான் மிகவும் வற்புறுத்துவேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது செல்லும்; ஆயினும் குறிச்சிப் பெயர்கள், ஒழுங்கைகள், வைரவர் கோயில்கள், பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்ட மனிதர்கள் ஆகியவற்றைச் சரிபார்க்கக்கூடிய மாமாவும் பெரியம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். கணினியின் தன்னியக்க எழுத்தாக்கம் இத்தகைய பெயர்களில்தான் அதிகம் பிழைவிடும்.

செம்மையாக்கும்போது “போனனாங்கள்”, “சொன்னவை” போன்ற பேச்சுவழக்கு வடிவங்களை எழுத்துவழக்குக்கு மாற்றாதீர்கள். திரும்பத் திரும்பச் சொன்னவற்றைக் குறைக்கலாம், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தலாம். நீங்கள் சேர்த்த விளக்கத்தைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். முதல் எழுத்தாக்கத்தை மாற்றாமல் தனியாக வைத்திருங்கள். செம்மையான பிரதியை அவருக்கே வாசித்துக்காட்டி, அவர் நீக்கச் சொல்வதைக் காரணம் கேட்காமல் நீக்குங்கள். பொதுப் பயன்பாட்டுக்கு அவர் இசைந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைப் பேணிவரும் “நூலகம்” என்னும் எண்ணிம நூலகத்துடன் தொடர்புகொண்டு, அவரது எழுத்துமூல அனுமதியுடன் ஒலிக்கோப்பையும் எழுத்தாக்கத்தையும் சேர்த்தே ஒப்படைக்கலாம்.